வாய் முளைக்காத பாதி

ஐந்து கண்ணாடிக் கிண்ணங்களிலும் உயிரோடு ஒன்றுகூட இல்லை. முதல் கிண்ணத்தில் தொடங்கி ஐந்தாவது வரை பார்த்தாள், திரும்பவும் முதல் கிண்ணத்துக்கே வந்தாள். அதற்குள் மனசு மாறி ஒன்றிரண்டாவது எழுந்து நீந்தாதா என்ற நப்பாசைதான். தண்ணீர் லேசாக நீலம் பூத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த நீலம் தண்ணீரில் இல்லை, இருநூறு உடம்புகளுக்குள் இருந்தது.

"என்ன மேடம், வாரத்தோட முதல் நாளே முகம் இப்படி இருக்கு?" என்றபடி வாளியோடு உள்ளே வந்தாள் லேப் அக்கா. ஆய்வுக்கூட உதவியாளர் என்பது பதவிப் பெயர். இருபது வருஷமாக அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான்.

"எல்லாம் போச்சு அக்கா."

"எது போச்சு?"

"எல்லாமேதான்."

லேப் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு கிண்ணமாகக் குனிந்து பார்த்தாள். "வியாழக்கிழமை கமிட்டி வருதே மேடம்" என்றாள், ஏதோ மேடத்துக்கு அது மறந்துபோய்விட்டது போல.

செத்தது யார், அதற்கு ஏன் இந்தத் துக்கம் என்று இங்கே சொல்லியாக வேண்டும். குளத்தில் இலைகளுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் ஓர் உயிர் அது. ஒரே ஒரு செல். ஆனால் அந்த ஒரு செல்லே அரைக் கடுகு அளவுக்கு இருக்கும், வெறும் கண்ணுக்கே நீலப் புள்ளியாகத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வாய் விரிந்த எக்காளம் போல் நிற்கும், அதனால் அவள் அதற்கு நீல எக்காளம் என்று பெயர் வைத்திருந்தாள். உடம்புக்குள் மணி கோத்த சரம் மாதிரி உட்கரு. ஊசியால் அதை இரண்டாக வெட்டினாலும் அது சாகாது. ஒவ்வொரு பாதியிலும் அந்தச் சரத்தின் ஒரு மணியாவது இருந்தால் போதும், மறுநாளைக்குள் வாலுக்கு வாய் முளைத்துவிடும், வாய்க்கு வால் முளைத்துவிடும். மூளை கிடையாது, நரம்பு கிடையாது. தன் உடம்பில் எது குறைகிறது என்று ஒற்றைச் செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டால் பெரிய பெரிய ஆட்களே தலையைச் சொறிவார்கள். முதல் வருஷப் பிள்ளைகள் முன்னால் வைப்பதற்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்பது அவளுடைய பிடிவாதம்.

அதுவரை அந்தக் கல்லூரியில் செல் உயிரியல் செய்முறை வகுப்பு என்றால் வெங்காயம். துறைத் தலைவர் முப்பது வருஷமாக வெங்காயத் தோலை உரித்து, சாயம் போட்டு, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெங்காய சார். அதில் அவருக்கு வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு. குளம் குட்டை என்று ஜாடியோடு அலைந்ததால் அவளுக்குக் கிடைத்த பெயர் குளத்து மேடம். அவள் எக்காளத்தில் வந்து நின்றதும் எடுத்த எடுப்பில் இல்லை. முதலில் ஓட்ஸ் தின்று வளரும் ஒரு மஞ்சள் பூஞ்சைக் கூழை வளர்த்தாள். அது ஞாயிற்றுக்கிழமை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, துறைத் தலைவரின் வருகைப் பதிவேட்டின் மேல் படர்ந்து, இரண்டு பேரின் கையெழுத்தை மறைத்துவிட்டது. அடுத்து நீர்க்கரடி, பாசிக்குள் வாழும் பொடி உயிர். எட்டுக் காலும் உருண்டை உடம்புமாகப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பாசியைக் கசக்கிப் பிழிந்து ஒரு மணி நேரம் தேடினால் மூன்று கிடைக்கும், வகுப்பின் நாற்பது பேரும் அந்த மூன்றுக்குச் சண்டை போடுவார்கள். மூன்றாவதாகத்தான் எக்காளம்.

இப்போது அந்த வகுப்பே தொங்கலில் இருந்தது. செய்முறைகளையெல்லாம் வீடியோவில் காட்டிவிடலாம், அந்த அறையைக் கம்ப்யூட்டர் தேர்வுக்கூடம் ஆக்கிவிடலாம் என்று நிர்வாகம் முடிவெடுக்கப் போனபோது, எழுந்து நின்று வாய்ப்பு கேட்டவள் அவள்தான். வேறு எந்தக் கல்லூரியும் வைக்காத ஓர் உயிரை வைத்து ஒரு பாடம் எழுதித் தருகிறேன், பாடத்திட்டக் குழு வந்து பார்க்கட்டும் என்றாள். பதினாலு பக்கம் எழுதினாள். குழு ஒப்புக்கொண்டால் அறை நிற்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இருபத்துநாலு மைக்ரோஸ்கோப்பும் வேறு ஊருக்கு, லேப் அக்கா ஸ்டோர் ரூமுக்கு, வருஷா வருஷம் நீட்டித்து நீட்டித்துப் பதினோரு வருஷம் ஓட்டிய அவளுடைய தற்காலிக வேலை அத்தோடு சரி.

கொன்றது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவளேதான். புதுத் தண்ணீர் கேன் வந்தால் அதில் ஒரு சின்னத் தட்டை நிரப்பி, பத்தே பத்து எக்காளங்களை விட்டு, மறுநாள் வரை பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்கு ஊற்ற வேண்டும். ஐந்து கிண்ணத்துக்கும் ஒரே நாளில் தண்ணீர் மாற்றவே கூடாது. இந்த இரண்டையும் சுவரில் தாள் ஒட்டி எழுதிவைத்தவளும் அவள்தான். வெள்ளிக்கிழமை மதியம் குழு வரும் தேதி உறுதியானது. கிண்ணங்களைப் பார்த்தாள், கோதுமை மணி ஊறிப் பாசி பிடித்துக் கலங்கலாக இருந்தன. அவற்றுக்கு அந்தக் கலங்கல்தான் சோறு. ஆனால் வருகிறவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. புதுக் கேனைத் திறந்து ஐந்துக்கும் ஊற்றினாள். மிச்சத்தை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோனாள்.

வீட்டில் ஆறாவது கிண்ணம் இருந்தது. எது நடந்தாலும் ஒரு கிண்ணம் தப்பிக்கட்டும் என்று சமையலறை ஜன்னலில் வைத்திருந்த காப்புக் கிண்ணம். அதற்கும் ஞாயிறு இரவு அதே தண்ணீரை ஊற்றிய கை எது என்று அவள் பஸ்ஸில் தன் கையையே பார்த்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, அவள் கணவனின் அண்ணன் மனைவி.

"என்ன இந்த நேரத்துல? உன் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு ஊட்ட வந்தியா?"

அவள் நேரே ஜன்னலுக்குப் போனாள். ஓரகத்தியும் பின்னாலேயே வந்தாள். "காலைலகூடப் பார்த்தேன், தண்ணி அவ்வளவு தெளிவா இருந்துச்சு. பரவாயில்லையே, இப்பவாவது சுத்தமா வச்சிருக்காளேன்னு நினைச்சேன்" என்றாள். பாவம், அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். மேடம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஓரகத்திக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யார் செத்துப்போனார்கள் என்று இரண்டு தடவை கேட்டாள்.

அழுது முடித்ததும் போனை எடுத்தாள். எக்காளம் விற்கும் கம்பெனி மூன்று வாரம் ஆகும் என்றது. தண்ணீர்க் கடைக்காரர், கம்பெனி மாறியிருக்கிறது என்றும், இந்தத் தண்ணீர் பழையதைவிட நூறு மடங்கு சுத்தம், ஒரு கிருமிகூட இதில் உயிரோடு இருக்காது என்றும் சந்தோஷமாகச் சொன்னார். மூன்றாவதாக வேறு ஊர்க் கல்லூரி நண்பர் ஒருவரைக் கூப்பிட்டாள். போன வருஷம் அவருக்கு ஒரு ஜாடி எக்காளம் கொடுத்திருந்தாள்.

"அது லீவுலயே செத்துடுச்சுங்க" என்றார் நண்பர். "சொல்லச் சங்கடமா இருந்துச்சு. உங்ககிட்டயே மறுபடியும் வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

செவ்வாய்க்கிழமை அவளுடைய கணவர் வேலைக்குப் போகவில்லை. அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். காத்திருந்த நாலு வீட்டுக்காரர்களின் போனையும் எடுக்காமல், வண்டியின் பின்னால் பத்தொன்பது ஜாடிகளைக் கட்டிக்கொண்டு அவளைக் குளத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் முதல் எக்காளம் கிடைத்த குளம் அது. இப்போது சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, நடுவில் ஒரு நீரூற்றும் வைத்திருந்தார்கள். தண்ணீரில் மருந்து வாடை அடித்தது. இலை தழை ஒன்றும் இல்லை. ஓர் ஆள் மட்டும் கரையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"வேற குளம் இருக்கா?" என்றார் கணவர்.

வேறு மூன்று குட்டைகள் இருந்தன. அவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு இறங்கினார். அழுகிய குச்சி, இலை, பாசி என்று அவள் காட்டியதையெல்லாம் பிடுங்கி ஜாடியில் போட்டார். மூன்றாவது குட்டையில் வழுக்கி இடுப்பு வரை உள்ளே போய்விட்டு எழுந்தவர், "இதுல ஃபிரிட்ஜ் ஒண்ணு கிடக்கு, யாரோ போட்டிருக்காங்க" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்க வைக்கத்தான் சொன்னார் என்பது தெரிந்ததால் அழுகைதான் வந்தது.

"உள்ளதைத் தலைவர்கிட்ட சொல்லிடேன்மா. செத்துப்போச்சு, ஒரு மாசம் டைம் கொடுங்கன்னு கேளு."

"எப்படிங்க சொல்றது? வெங்காயம் சாகாதுன்னு சொல்லுவாரு. பதினாலு பக்கத்துல என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? முதல் வருஷப் பிள்ளைங்களே சுலபமா வளர்க்கலாம்னு எழுதியிருக்கேன்."

அவர் ஈரத் துணியைப் பிழிந்தார்.

பத்தொன்பது ஜாடியையும் அன்று மாலைக்குள் சொட்டுச் சொட்டாகப் பார்த்தாள். நீர்ப்பூச்சி இருந்தது, புழு இருந்தது, பச்சைப் பாசி உருண்டு உருண்டு போனது. வேண்டியவர் மட்டும் வரவில்லை.

புதன்கிழமை காலை துறைத் தலைவரின் அறைக்குப் போய்த் தேதியைத் தள்ள முடியுமா என்று மட்டும் கேட்டாள். காரணம் சொல்லவில்லை. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒரு தடவை கூடுற கமிட்டி. அதையெல்லாம் நாம தள்ள முடியுமா? ஏன், உங்க எக்காளம் ஊத மாட்டேங்குதா?" என்றார். அவளும் சிரித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். சொல்வதற்குக் கிடைத்த ஒரே இடத்தை அந்தச் சிரிப்பில் கோட்டை விட்டோம் என்று நடைக்கூடத்திலேயே அவளுக்கு உறைத்தது. ஆனாலும் கால் திரும்பவில்லை.

ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது லேப் அக்கா ஒரு மூலையில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றாள்.

"கோச்சுக்காதீங்க மேடம். போன வியாழக்கிழமை கிளாஸ்ல ஏழாம் நம்பர் மைக்ரோஸ்கோப்புக்குப் பின்னாடி ஒரு தட்டு இருந்திருக்கு. நான் கழுவாம விட்டுட்டேன். இடுப்பு வலி, அப்புறம் கழுவிக்கலாம்னு இருந்துட்டேன். இப்பதான் கண்ணுல பட்டுச்சு."

தட்டில் தண்ணீர் முக்கால்வாசி வற்றி, ஓரத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. நடுவில் இருந்த கொஞ்சம் பழைய தண்ணீரில் ஒரு நீலப் புள்ளி மெதுவாக நகர்ந்தது. மேடம் லேப் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கடமை தவறியதற்காக அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிக் கொண்டாடப்பட்டது இல்லை.

ஒன்று. ஒன்றே ஒன்று. பசியில் ஒடுங்கியிருந்தது, எக்காளத்தின் வாய் முழுசாக விரியவில்லை. குட்டைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துளித் துளியாகச் சேர்த்து, பச்சைப் பாசியில் இரண்டு சொட்டு விட்டாள். பத்து மணிக்கு அது சாப்பிடத் தொடங்கியது. பாசி உள்ளே போவதைப் பார்த்ததும் தான் முந்தின நாள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"வெட்டிடுங்க மேடம்" என்றாள் லேப் அக்கா. "இப்ப வெட்டினா நாளைக்குக் காலைல ரெண்டா இருக்கும்ல?"

இருக்கும். இருநூறு தடவைக்கு மேல் வெட்டியிருக்கிறாள், பத்தில் ஒன்பது பிழைக்கும். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி இழுத்த ஊசி, மயிரைவிட மெல்லிசு, கையில் இருந்தது. ஆனால் இந்த ஒன்று அந்தப் பத்தாவதாக இருந்துவிட்டால்? கையைத் தட்டுக்கு மேலே கொண்டுபோனாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "வேணாம் அக்கா. முழுசா ஒண்ணு காட்டினாப் போதும். பார்த்துட்டுப் போயிடுவாங்க." பயத்தில் எடுத்த முடிவைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்வது எல்லோருக்கும் உள்ளதுதான். அவளும் அன்று முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பத்தரைக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் கையில் காபியோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்றாமவர், குழுவின் தலைவர், உயரமான வெளியூர்ப் பேராசிரியர், நேரே வந்து மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார். எக்காளம் நன்றாக விரிந்து நின்றது. அவர் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், "இது ஒரு செல்லா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துறைத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றிருந்தார். மேடத்துக்கு நாலு நாளில் முதன்முறையாக மூச்சு சீராக வந்தது.

"வெட்டினா வளரும்னு எழுதியிருக்கீங்களே" என்று நிமிர்ந்தார் பேராசிரியர். "எங்க, ஒண்ணை வெட்டிக் காட்டுங்க."

லேப் அக்கா கழுவு தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடம் தட்டைப் பார்த்தாள். என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் செத்துவிட்டது, நான்தான் கொன்றேன் என்று சொல்லலாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஜன்னல் பக்கம் இருந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஊசியை எடுத்தாள்.

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை அது. எக்காளம் நீண்டு நிற்கும்வரை காத்திருந்து, மணிச்சரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, நடுவில் வெட்ட வேண்டும். பின்னால் ஆட்கள் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது யார் காத்திருப்பது. ஊசி பட்டதும் அது சுருண்டு உருண்டையானது. உருண்டையாக இருக்கும்போதே அவள் அழுத்திவிட்டாள். இரண்டு துண்டுகள் பிரிந்து, இரண்டும் நீந்தின. பேராசிரியர் குனிந்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"பிரமாதம். நாளைக்கு மதியத்துக்குள்ள வளர்ந்ததை ஒரு படம் எடுத்து அனுப்பிடுங்க. அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது துறைத் தலைவரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். துறைத் தலைவர் மேடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படித் தலையாட்டியது இல்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அவள் மைக்ரோஸ்கோப் முன்னால் இருந்தாள். வாய்ப் பக்கத்துப் பாதியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நீலக் கறை ஒன்று பரவியிருந்தது, அவ்வளவுதான். வால் பக்கத்துப் பாதி உயிரோடு இருந்தது, வட்டம் வட்டமாக நீந்திக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டி, தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு மணிகூட இல்லை. சரம் முழுவதும் செத்த பாதியோடு போயிருந்தது. மணி இல்லாத துண்டு ஓரிரு நாள் நீந்தும். வாய் முளைக்காது. வாய் இல்லாமல் எதையும் தின்னாது. தனக்கு என்ன குறைகிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

ஒன்பது மணிக்கு ஒரு தடவை பார்த்தாள். பத்துக்கு ஒரு தடவை. பதினொன்றரைக்குப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதில் இரண்டு வருஷப் படங்கள் முந்நூற்றுக்கும் மேல் இருந்தன. போன வருஷம் எடுத்த ஒன்றில், ஒரு வால் பாதி, வெட்டிய மறுநாள், புது வாயை மலர்த்திக்கொண்டு நின்றது. அழகான படம். பொய்யான படமும் இல்லை, இப்படித்தான் ஆகும், நூற்றுக்கணக்கான தடவை ஆகியிருக்கிறது. இன்றைக்கு ஆகவில்லை, அது மட்டும்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு அதை அனுப்பினாள்.

மூன்று மணிக்குப் பதில் வந்தது. படம் மிக நன்று, ஒப்புதல் அளிக்கப்படுகிறது, வரும் வகுப்பிலிருந்தே தொடங்கலாம். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று எட்டிப் பார்த்த லேப் அக்கா படத்தையும் பார்த்தாள், வால் பாதி இருந்த ஏழாம் நம்பர் மைக்ரோஸ்கோப்பையும் பார்த்தாள்.

"படத்துல வாய் இருக்கே மேடம்."

"ஆமா அக்கா."

லேப் அக்கா திரும்பிப் போனாள். தொட்டியில் கிடந்த தட்டுகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகக் கழுவத் தொடங்கினாள். அறை தப்பித்த சந்தோஷம் அவள் முதுகில் துளிகூடத் தெரியவில்லை. மேடத்துக்கு எரிச்சலாக வந்தது. உங்களுக்காகவும்தானே செய்தேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து அவள் தலையில் கை வைத்தார், ஓரகத்தி மாடியிலிருந்தே என்ன சத்தம் என்று கேட்டாள். அவர்களிடமும் அவள் முழுசாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் காலை பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். வால் பாதி இன்னும் நீந்திக்கொண்டிருந்தது, ஆனால் வட்டம் சின்னதாகி வேகம் குறைந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. துறைத் தலைவர். விடுமுறை நாளில் அவர் அந்தப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு கையில் அவளுடைய பதினாலு பக்கம், இன்னொரு கையில் கமிட்டி அவருக்கும் அனுப்பிவைத்த அந்தப் படத்தின் அச்சு.

"உள்ள வரலாமா?" என்றார். தன் துறையின் அறைக்குள் வர அவளிடம் அனுமதி கேட்டார். "நேத்துதான் இதை முழுசா உட்கார்ந்து படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். கமிட்டிக்கு அனுப்பும்போது முதல் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு விட்டிருந்தேன், உண்மையைச் சொல்லணும்ல. தப்பு என்னோடதுதான்மா. முப்பது வருஷமா ஒரே தோலை உரிச்சுக்கிட்டு இருந்துட்டேன். எனக்கு அதைக் காட்டுங்க."

அவர் அவளை அம்மா என்று சொன்னதும் புதுசு. அவள் ஏதாவது சொல்லி நிறுத்தலாம் என்று நினைப்பதற்குள் அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டார்.

"ஆங், இதோ இருக்கு. நீந்துது." திருகைத் திருகினார். "அகலமான பக்கம்தான் வாய்ப் பக்கம்னு எழுதியிருக்கீங்க. இது உருண்டையா இருக்கே."

அவர் தலையை எடுத்துப் படத்தைப் பார்த்தார், திரும்பவும் குனிந்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து லென்ஸின் மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். படத்தைத் தட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் இதையுமாகப் பார்க்க முயன்றார். முப்பது வருஷம் கற்றுக்கொடுத்த மனுஷர், முதல் நாள் வகுப்புக்கு வந்த பையன் மாதிரி கூச்சப்பட்டார்.

"எனக்குத்தான் பார்க்கத் தெரியலைன்னு நினைக்கிறேன். வயசாச்சு, கண்ணும் முன்ன மாதிரி இல்ல. படத்துல அவ்வளவு தெளிவா வாய் இருக்கு. எனக்கு இதுல தெரிய மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் கொடுங்க, எங்க பார்க்கணும்?"

சொல்லிக்கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இப்படிக் கொஞ்சம் திருப்புங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், அதோ, மங்கலாகத் தெரிகிறது பாருங்கள் என்றால் போதும், தெரிகிறது என்று அவர் தலையாட்டிவிடுவார். நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வேலை இருக்கும், அறை இருக்கும். தன் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டு அவரும் இருப்பார்.

"நீங்க சரியாத்தான் பார்க்கிறீங்க சார்" என்றாள் மேடம். "அதுல வாய் இல்ல."

அவர் நிமிர்ந்தார்.

"அந்தப் படம் போன வருஷம் எடுத்தது. மத்த எல்லாம் போன வாரமே செத்துப்போச்சு. நான் தண்ணியைச் சோதிக்காம மாத்தினேன். நேத்து இருந்தது இந்தப் பாதி ஒண்ணுதான். இதுக்கு வாய் முளைக்காது."

துறைத் தலைவர் கையில் இருந்த படத்தைப் பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் முகத்தில் இருந்தது அது இல்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒன்றை நம்பிய மனுஷனின் முகம் அது, அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"இதை நான் கமிட்டிக்கு எழுதாம இருக்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

அவர் படத்தை இரண்டாக மடித்துப் பதினாலு பக்கத்துக்குள் வைத்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்து அவள் வழிவிட்டு நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை.

"இது இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம்."

அவர் முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு திரும்பவும் குனிந்து பார்க்கத் தொடங்கினார்.